மோதினாரின் குரல்

அவர் இருபது வருடமாகச் சண்டைப் படங்களுக்கு ஒலி சேர்ப்பவர். எல்லோரும் அவரை சவுண்டு அண்ணன் என்பார்கள். ஒருமுறை இயக்குநர் பாங்கு சத்தம் கேட்டதால், ஸ்டுடியோவுக்கு அடுத்த தெருப் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினாரிடம் போய் மைக்கை நீட்டினார்.

"சினிமாவுக்கா? இருங்க தம்பி, தொண்டையைச் சரி பண்ணிக்கிறேன்" என்று மோதினார் வெந்நீர் குடித்துவிட்டு வந்து, மனமுருகிச் சொன்னார்.

படத்தில் அந்தக் குரல், தாடிக்காரன் ஒருவன் வெடிகுண்டுக்கு வயர் சுற்றும் காட்சியில் ஒலித்தது. அங்கே வைக்கச் சொன்னது இயக்குநர்தான். பயம் கூடட்டும் என்று எதிரொலி சேர்த்தது சவுண்டு அண்ணன்.

படம் வந்த வாரம் மோதினார் தெருவில் எதிர்ப்பட்டார்.

"குடும்பத்தோட போனோம் தம்பி. குரல் தெளிவா இருந்துச்சு. சின்ன மகதான், 'அத்தா, நீங்க பாங்கு சொன்னா ஏன் எல்லாரும் பயப்படுறாங்க?'ன்னு கேட்டா."

சவுண்டு அண்ணன் மன்னிப்புக்கூடக் கேட்காமல் ஸ்டுடியோவுக்குத் திரும்பினார். அன்றே அந்தப் பதிவை அழித்தார்.

அடுத்த படத்துக்கும் இயக்குநர் பாங்கு கேட்டார். "அழிச்சிட்டேன் சார்" என்றார். உதவியாளர் இரண்டே நிமிடத்தில் இணையத்திலிருந்து வேறு யாருடைய குரலையோ எடுத்துக் கொடுத்தார். சவுண்டு அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு அதையும் காட்சியில் பொருத்தினார்.