பொழுது பட்ட கதை

செபத்துக்கு நடுவில் சிரிக்கக் கூடாது என்று எனக்கும் தெரியும். ஆனால் அன்று சிரித்துவிட்டேன். கொக்கிளாயில் எங்கள் வீட்டில் இருட்டுப்படுகிற மைமல் நேரத்துச் செபம் முடிகிறபோது, இறந்துபோனவர்களை ஒவ்வொருவராகச் சொல்லி அவர்களுக்காக வேண்டிக்கொள்வோம். என் மாமனாரைச் சொல்லி, என் அம்மாவைச் சொல்லி முடிய, ஆறு வயது மகள் கைகூப்பியபடியே "சூரியனுக்கும்" என்றாள்.

நான் சிரிக்க, அவள் அழத் தொடங்கினாள். சும்மா அழுகையில்லை, ஏங்கி ஏங்கி அழுதாள். மடியில் வைத்து விசாரித்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. அதற்குச் சில நாட்கள் முன்னர், கிணற்றடி மாமரம் பட்டுப்போச்சு என்று என் கணவர் தறித்து விழுத்தினார். அவள் ஊஞ்சல் கட்டி ஆடின மரம். பட்டுப்போச்சு என்றால் என்ன என்று அவள் கேட்க, செத்துப்போச்சு என்று நானே சொல்லியிருந்தேன். எங்கள் பக்கத்தில் சூரியனைப் பொழுது என்றும் சொல்வோம். பின்னேரமானால் பொழுது பட்டுட்டுது, உள்ளுக்கு வா என்று கூப்பிடுகிறவளும் நான்தான். பிள்ளை இரண்டையும் சேர்த்துப் பார்த்திருக்கிறாள். பிழை அவளுடையதா, தமிழுடையதா?

அப்படியென்றால் விடிய வருகிறது என்ன என்று கேட்டேன். அது வேறு சூரியனாம். எங்கள் ஊருக்கு மேற்கே களப்பு என்கிற உப்பேரி, கிழக்கே கடல். பழையது களப்புப் பக்கம் செத்துவிழ, புதியது கடலில் பிறக்கிறதாம். எனக்கு மறுபடியும் சிரிப்பு முட்டியது. அவள் அடுத்துச் சொன்னதைக் கேட்டதும் அது அப்படியே நின்றுவிட்டது.

"கடல் வேற சூரியன் தரும். வேற அப்பா தருமோ?"

அவளுடைய அப்பா பொழுதுபடத்தான் கடலுக்குப் போவார், விடியத்தான் வருவார். அந்த வாரம் முழுக்க அவர் வெளிக்கிடும்போதெல்லாம் இவள் அவருடைய காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவில்லை. செல்லம் கூடிப்போச்சு என்று நான் ஏசிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் படகு அவரை விட்டுவிட்டே போய்விட்டது. இனியும் பிந்தினால் வேறு ஆளைப் பிடிப்பேன் என்று படகுக்காரர் சொல்லியும்விட்டார். அந்தக் கடலை விட்டால் எங்கள் அடுப்புக்கு வேறு வழியில்லை.

செபத்தில் அவள் அழுததற்கு அடுத்த நாள் பின்னேரம், சம்பலுக்கு எடுத்து வைத்த தேங்காயைத் தூக்கினேன். மகளை அடுப்படிக்குக் கூப்பிட்டு, குசினிக் கதவைச் சாத்தி, டோர்ச் லைட்டைக் கதிரையில் கொளுத்தி வைத்து, அதுதான் சூரியன், தேங்காய்தான் பூமி என்றேன். பள்ளிக்கூடத்தில் படித்ததில் எனக்கு மிஞ்சியிருந்தது அவ்வளவுதான். ஒரு சோற்றுப் பருக்கையைத் தேங்காயில் ஒட்டி, இது நாங்கள் என்றேன். திருப்பினேன். பருக்கை விழுந்தது. திரும்ப ஒட்ட, திரும்பவும் விழுந்தது. எனக்கு விசர் வந்து, கோதாரி பிடிச்ச தேங்காய் என்று ஏசினேன். மகள் சிரித்துவிட்டாள். நார்த்தும்பு இருக்கிற இடமாகப் பார்த்து அவளே ஒரு பருக்கையை நசித்து ஒட்டினாள்.

"சூரியன் சாகேல்லை, அது அதிலயேதான் நிக்குது. நாங்கள்தான் திரும்பிறம்" என்றேன்.

தேங்காயை வாங்கி அவளே திருப்பினாள். பருக்கை இருட்டுக்குள் போனது, வெளிச்சத்துக்கு வந்தது, மறுபடியும் போனது. பிறகு நிறுத்தி, அப்பா எங்கே என்று கேட்டாள். இன்னொரு பருக்கையை முதல் பருக்கைக்குப் பக்கத்தில் ஒட்டினேன். கடல் எங்கே என்றாள். கடலும் தேங்காயில்தான் என்றேன். இன்னும் கொஞ்ச நேரம் திருப்பிக்கொண்டிருந்தாள். அப்பா இருட்டுக்குள் போகும்போது தானும் கூடவே போகிறாள், வெளிச்சத்துக்கும் கூடவே வருகிறாள் என்று அவளாகவே சொன்னாள். கலியாணம் கட்டிய நாள்முதல் அவர் கரைக்கு வரும்வரை நெஞ்சிடியோடு கிடக்கிறவள் நான். ஒரு நாளும் இது எனக்குத் தோன்றவில்லையே.

அன்று அவர் சாப்பாட்டுப் பெட்டியோடு வெளிக்கிட, அவள் காலைப் பிடிக்கவில்லை. வாசலில் நின்றாள். களப்புப் பக்கம் வானம் சிவந்து கிடந்தது. வழக்கம்போல அவர், பொழுது பட்டுட்டுது, போயிட்டு வாறன் என்றார். அவள் விடவில்லை.

"பொழுது படேல்லை அப்பா. நாங்கள் திரும்பிறம் எண்டு சொல்லுங்கோ."

மனிசனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்னைப் பார்த்தார். சொல்லுங்கோவன், சொன்னால் என்ன குறைஞ்சு போயிடுவீங்களோ என்றேன். "நாங்கள் திரும்பிறம்" என்று சொல்லிவிட்டுப் படகுக்கு நடந்தார். இப்போதும் ஒவ்வொரு நாளும் அதைச் சொல்லிவிட்டுத்தான் போகிறார். சொன்னபடியே விடியத் திரும்புகிறார்.