மோட்டாருக்குக் கம்பீரம் பத்தலை

மோட்டார் ரிப்பேர்க் கடைகளில் காலம் தள்ளியவர்களே, உங்களுக்குத் தெரியாததல்ல: எரிந்துபோன மோட்டாரை யாரும் திட்டுவதில்லை, ஒழுங்காக ஓடும் மோட்டாருக்குத்தான் வசவு.

யாருமில்லாத கடை

அறுபதுகளின் கடைசியில், பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்த கையோடு, திருப்பூரில் எரிந்துபோன மோட்டார்களுக்குக் காயில் கட்டும் கடை ஒன்றில் ரசீது எழுதச் சேர்ந்தேன். என் கண் டெஸ்டிங் மேஜைமேல். காயில் கட்டிய மோட்டாரை ஓட்டிப் பார்த்து, மீட்டரைப் படித்து, சரி என்று கையெழுத்துப் போடும் இடம் அது. ரசீது எழுதுவதற்குப் பட்டம் எதற்கு என்று அப்பா என்னை நிறுத்திவிடத் தயாராக இருந்தார். எங்கள் வாடிக்கையான வீரபாண்டி பனியன் கம்பெனியிலிருந்து மூன்று மாதம் புகார் வராமல் பார்த்துக்கொண்டால் மேஜை எனக்கு என்றார் முதலாளி. அவர் அதைச் சொல்லிவிட்டு வெளியே போனதும் ஒரு விவசாயி படியேறி வந்தார். என்னைப் பார்த்தார், நாற்காலிகளைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏனுங் அம்மிணி, கடையில ஆரும் இல்லீங்களா?"

முணுமுணுப்பு

வீரபாண்டியில் ஒரே பெரிய மோட்டார் நீளமான ஷாஃப்டைச் சுற்ற, அதிலிருந்து பெல்ட் வழியாக எட்டுப் பின்னல் மெஷின்கள் ஓடின. ஸ்டார்ட்டர் கைப்பிடியைப் படிப்படியாக நகர்த்தினால்தான் மோட்டாரின் இழுவிசை சீராக ஏறும். மேஸ்திரி மாரப்பன் ஒரே தள்ளாகத் தள்ளுவார். ஷாஃப்ட் உதறும், பெல்ட் சாட்டையாக அடிக்கும், பின்னல் ஊசிகள் முறியும்.

ஸ்டார்ட்டரில் கருகிப்போயிருந்த இரண்டு படிகளை மாற்றினோம். "ஒவ்வொரு படியிலயும் அஞ்சு எண்ணிட்டு நகர்த்துங்க" என்றேன். என் குரல் எனக்கே எட்டவில்லை. கூட வந்த ஃபிட்டர் ரங்கசாமி அண்ணன் அதையே கூரை அதிரச் சொன்னார். மாரப்பன் அவரைப் பார்த்துத் தலையாட்டினார்: "நீங்க சொன்னாச் சரிங்க. அந்தப் புள்ள என்னமோ சாமி கும்புடறாப்பல முணுமுணுத்துச்சு."

வைய ஆளில்லை

இரண்டு மாதம் கழித்துப் போனேன். மோட்டார் மெதுவாக எழுந்து, சீராக வேகம் பிடித்தது. மெஷின்களில் உடைந்த ஊசியை மாற்றும் பாப்பாத்தி அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். வேலை போய்விடுமோ என்ற பயமா என்று கேட்டேன். சிரித்துவிட்டார்.

"ஊசி ஒடஞ்சா என்னையத்தான் வைவாங்க அம்மிணி. இப்ப வையறதுக்கு வழியில்லாம மேஸ்திரிக்குப் பொழுதே போகமாட்டேங்குது."

சத்தம் பத்தலை

மூன்றாவது மாதம் முடிய நாலு நாள் இருக்கையில், பனியன் கம்பெனி முதலாளியே கடைக்கு வந்துவிட்டார். மோட்டாருக்குச் சத்து இறங்கிவிட்டதாம். நான் மீட்டர் கணக்கை எடுத்து நீட்டினேன். ஊசி எத்தனை மிச்சம் என்பதையும் எழுதி வைத்திருந்தேன். அவர் காகிதத்தை வாங்காமல் எங்கள் முதலாளியிடம் திரும்பினார்.

"முன்னெல்லாம் போட்டா கட்டடமே அதிரும். இப்பப் பூனையாட்ட எந்திரிக்குது. நாலு பேரு பார்க்க வாராங்க, ஒரு கம்பீரம் வேண்டாங்களா?"

காதுக்கு

மறுநாளே ரங்கசாமி அண்ணன் போய், நாங்கள் மாற்றிய இரண்டு படிகளையும் தாண்டி, மோட்டார் பழையபடி உதறி எழும்படி கம்பியை நேராக இணைத்துவிட்டு வந்தார். போகும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அதற்கடுத்த நாள் காலையிலேயே ஊசிகள் முறிந்தன. ஊசி மட்டரகம் என்று மாரப்பன் சொல்ல, பாப்பாத்தி அக்காவுக்கு வசவு விழுந்தது. மோட்டாரைப் பற்றி மட்டும் புகாரே இல்லை. நன்றி சொல்லி ஆள் அனுப்பினார்கள்.

டெஸ்டிங் மேஜை ரங்கசாமி அண்ணனுக்குப் போயிற்று. எங்கள் முதலாளி கெட்டவரில்லை. என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துத்தான் சொன்னார்: "உன்ற கணக்குல ஒரு தப்பும் இல்லை கண்ணு. ஆனா மோட்டார் ஓடறது கஸ்டமரு காதுக்குக் கேக்கோணுமல்ல?"

சீரான இழுவிசையைக் கல்லூரியில் மூன்று வருஷம் படித்த நான், எவ்வளவு உதறினால் அதற்கு வலிமை என்று பேர் கிடைக்கும் என்பதை மூன்றே மாதத்தில் கற்றுக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.