கடைசியாக அவள் நன்றாக இருந்தது எப்போது?

சென்ற சம்பா நடவு நேரத்தில், திருவையாற்றுக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊரில் நடந்தது இது. யூரியா வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டுக் காலை ஆறு மணிக்கே கூட்டுறவு சங்கத்துக்குக் கிளம்பினேன். அப்படியும் வரிசையில் எனக்கு முன்னால் நாற்பத்தாறு பேர். இரண்டு மூட்டையோடு பத்து மணி பத்து நிமிடத்துக்கு வீடு திரும்பினால், கொல்லைக் கதவருகே என் மனைவி விழுந்து கிடந்தாள். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. வலது கையைத் தூக்கிவிட்டால் தொப்பென்று விழுந்தது.

நான் போட்ட கூச்சலில், கொல்லைக்குப் பின்னால் எங்கள் வயலில் நட்டுக்கொண்டிருந்த ஆறு பெண்களும் சேற்றுக்காலோடு ஓடி வந்தார்கள். அவர்களில் மூத்தவர், அவசரமாக வரவழைத்த வாடகைக் காரில் கூடவே ஏறி, என் மனைவியின் தலையை மடியில் வைத்துக்கொண்டார். தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது மணி பதினொன்று ஐந்து.

மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. கரைக்க ஊசி உண்டு. ஆனால் பாதிப்பு தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். நரம்பு டாக்டர் வேறு ஊரில், நர்ஸ் நீட்டிய செல்போன் திரையில் இருந்தார். வடநாட்டுக்காரர், தமிழ் தெரியாது. கடைசியாக அவர் நன்றாக இருந்தது எப்போது என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

நான் முப்பத்துநாலு வருடம் ஆங்கில வாத்தியார். நேற்று, இத்தனை மணி நேரத்துக்கு முன், அதுவரை, அதற்குப் பிறகு என்று, நடந்ததைச் சொல்லும் கால வார்த்தைகளை வகுப்பு வகுப்பாக நடத்தியவன். அன்றும் என் ஆங்கிலத்தில் பிசகில்லை. பத்து பத்துக்குப் பார்த்தேன் என்றேன். அது கண்டுபிடித்த நேரம், நன்றாக இருந்த நேரம் எது என்றார். ஆறு மணி என்றேன். சொல்லும்போதே அதுவும் உண்மையில்லை என்று உறைத்தது. அடுப்படியில் பாத்திரச் சத்தம் கேட்டது, வாசலிலிருந்தே வரேன் என்று குரல் கொடுத்தேன், அவ்வளவுதான். முகத்தைப் பார்க்கவில்லை.

ஆறு என்றால் கெடு தாண்டிவிட்டது, ஊசி போடுவது ஆபத்து என்றார் டாக்டர். கூட வந்த பெண்ணிடம் அதைத் தமிழில் சொல்லிப் புலம்பினேன்.

"அம்மா எங்களுக்கு டீ கொண்டாந்தாங்களே சார், நல்லாத்தானே இருந்தாங்க" என்றார் அந்தப் பெண்.

"எப்ப?"

"டீ குடிக்கிறப்ப."

"மணி சொல்லும்மா, மணி!" என்று கத்திவிட்டேன்.

"கத்தாதீங்க சார். எங்கிட்ட ஏது வாட்ச்சு? நடந்தத நான் சொல்றேன், மணிய நீங்க போட்டுக்கங்க."

கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். "ரெண்டாவது வயல்ல அப்பதான் எறங்குனோம். அம்மா டீ வாளியோட வரப்புல வந்தாங்க. குடிச்சிட்டிருக்கறப்பவே பள்ளிக்கூடத்துல புள்ளைங்க பிரேயர் பாடுச்சுங்க. அது முடிஞ்சப்பறம் டம்ளர எண்ணி வாங்கினாங்க. 'ஆறும் இருக்குடி. அவரு இருந்திருந்தா எத்தன மொடக்கு குடிச்சீங்கன்னு எண்ணிருப்பாரு'ன்னாங்க. விழுந்து விழுந்து சிரிச்சோம்."

அந்தப் பள்ளியிலிருந்துதான் நான் ஓய்வு பெற்றேன். வழிபாடு முடிவது ஒன்பது இருபதுக்கு. எதற்கு முன் எது, எது நடக்கும்போது எது என்று வாக்கியம் வாக்கியமாக டாக்டரிடம் சொன்னேன். என்னைப் பற்றிய கேலியையும் விடவில்லை. அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். வாளி எந்தக் கையில் என்று கேட்டார்.

"சோத்தாங்கையில. ஒரு சொட்டு சிந்தல."

பேச்சு குழறியதா?

"கேலி பண்றதுக்கு எங்க சார் குழறும்?"

திரும்பி நடந்தது?

"வரப்பு வழுக்குச்சு. நாங்க பாத்துப் போங்கன்னோம். நேராத்தான் போனாங்க."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஒரு காலைப்பொழுது முழுவதும், சத்தம், சிரிப்பு, வழுக்கல் உட்பட, அவரிடம் அப்படியே இருந்தது. குனிந்து நட்டுக்கொண்டே எப்படித்தான் இத்தனையையும் பார்த்தாரோ! கேட்கக் கேட்க எடுத்துக் கொடுத்தார்.

ஒன்பது இருபது என்றே எழுதச் சொன்னார் டாக்டர். பதினொன்று ஐம்பதுக்கு ஊசி ஏறியது. மறுநாள் மாலை அவள் வலது கை விரல்கள் அசைந்தன. எண்ணிப் பார்த்தேன், ஐந்தும்.

இப்போது நன்றாக நடக்கிறாள். களைத்தால் மட்டும் பேச்சு சற்று இழுக்கும். நாற்பத்துநாலு வருடம் கூடவே வாழ்ந்த நான் அன்று பார்க்காமல் போன முகத்தை, நடவுக்கு வந்த ஒருவர் பார்த்து வைத்திருந்ததால்தான் அவள் எனக்குத் திரும்பக் கிடைத்தாள் என்பதை நினைத்தால், இன்றும் எனக்குப் பிரமிப்பும் வெட்கமும் சேர்ந்தே வருகின்றன.