ஜீன் சரியாகத்தான் இருக்கிறது

குரோமோசோம் லேப் வேலை என்பது, ஜனங்கள் கேட்காத கேள்விக்குத் துல்லியமாகப் பதில் சொல்கிற உத்தியோகம். 'நார்மல்' என்று எழுதின ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு, வியாதி கொஞ்சமும் குறையாமல் வீடு திரும்பின அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அதை எழுதின பாவிகளில் நானும் ஒருவன். தொண்ணூறுகளில் பீளமேட்டுப் பக்கம் ஒரு லேபில் காலம் தள்ளினேன்.

கத்திரியும் பசையும்

அப்போது எங்களிடம் கம்ப்யூட்டர் கிடையாது. குரோமோசோம்களைப் போட்டோ பிடித்து, கத்திரியால் வெட்டி, ஜோடி சேர்த்து அட்டையில் ஒட்டுவோம். சென்னிமலையிலிருந்து தறிக்காரக் குடும்பத்து அம்மா ஒருவர் மகள் செல்வியைக் கூட்டிவந்தார். இருபது வயதாகியும் பெண் வயதுக்கு வரவில்லை. இரண்டு வயது இளைய தங்கைக்குப் பெரியவளான சீரே முடிந்துவிட்டது.

ஒட்டிப் பார்த்தால் எக்ஸ்-ஒய். ஆண்களுக்கு இருக்கிற ஜோடி. எவனோ ட்யூபை மாற்றித் தொலைத்துவிட்டான் என்று லேபையே திட்டித் தீர்த்துவிட்டு, மறுபடி ரத்தம் கேட்டேன். செல்வி கையை நீட்டிக்கொண்டே சொன்னாள்: "பிளஸ் டூல நான் பயாலஜி குரூப்புங்க சார். என்ன வந்தாலும் எங்கிட்டச் சொல்லிப்போடுங்க."

யாரும் படிக்காத இடம்

மறுபடியும் எக்ஸ்-ஒய். ஒய்யில் ஆணாக்குகிற ஜீன் ஒன்று உண்டு. அது கெட்டிருந்தால் காரணம் புரிந்துவிடும். வெளியூர் லேபுக்கு அனுப்பினோம். ஜீனில் ஓர் எழுத்துகூடப் பிசகில்லை என்று பதில் வந்தது.

எங்கள் டாக்டரம்மா அம்மாவையும் மகளையும் உட்காரவைத்துச் சொன்னார். செல்வி பெண்தான். கர்ப்பப்பை இருக்கிறது, மாத்திரையில் மாதவிலக்கு வரும். ஆனால் சினைமுட்டை கிடையாது. வளராமல் போன சுரப்பிகளை ஆபரேஷனில் எடுத்துவிட வேண்டும், விட்டால் புற்றுக்கட்டி ஆகலாம். ஜீனைப் போடுகிற சுவிட்சு அதற்கு வெளியே எங்கேயாவது கெட்டிருக்கலாம், அல்லது பெயர் தெரியாத வேறு ஜீனாகவும் இருக்கலாம். அந்த வெளி டிஎன்ஏ ஜீன்களைவிடப் பல மடங்கு நீளம். அன்றைக்குப் படித்தவர்கள் அதற்கு வைத்திருந்த பெயர் குப்பை. அதை எங்கே தேடுவது, எப்படிப் படிப்பது என்று ஒருவருக்கும் தெரியாது. எனக்கு வெறுத்துப்போயிற்று. அம்மா கேட்டார்: "ஜீன் சரியாத்தான் இருக்குதுன்னா, ஏனுங்க எம்புள்ளை இப்படி?"

மாமன் சீர்

ஆபரேஷன் முடிந்து, மாத்திரையும் வேலை செய்தது. அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. மகள் பெரியவளாகிவிட்டாள் என்று ஊரெல்லாம் சொல்லி, சீருக்கு எங்களையும் அழைத்தார். அவருடைய அண்ணன் மகன்தான் செல்விக்கு முறை மாப்பிள்ளை. அண்ணன் பட்டுச்சேலை, தட்டு வரிசையோடு வந்து, பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். "குணம் பண்ணிப்போட்டீங்க. பங்குனில பையனுக்குக் கட்டி வெச்சரலாங்க" என்றார். எதையும் சொல்லிவிடாதீர்கள் என்று அம்மா கண்ணாலேயே கெஞ்சினார்.

செல்வி மாமன் சேலையோடு வந்து, அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டு எழுந்தாள். "எனக்குக் கொளந்தை பொறக்காதுங்க மாமா. தெரிஞ்சே கட்டறதுன்னாக் கட்டுங்க."

உத்தரவாதம்

கொஞ்ச நாளில் மாமன் லேபுக்கே வந்துவிட்டார். சம்பந்தம் செல்வியின் தங்கைக்கு மாறியிருந்தது. அவளைச் சோதனைக்குக் கூட்டிவந்தவளே செல்விதான். தங்கைக்கு எக்ஸ்-எக்ஸ். அப்பாடா என்றிருந்தது எனக்கு.

மாமனுக்குப் போதவில்லை. இவள் வயிற்றில் பிறக்கிறதுக்கும் இந்தக் குறை வராது என்று எழுதிக் கொடுங்கள் என்றார். காரணமே தெரியாமல் எப்படி எழுத? டாக்டரம்மா கையை விரித்தார். மாமன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சம்பந்தமே வேண்டாம் என்று போய்விட்டார். தங்கை உட்கார்ந்து அழுதாள். அவள் முதுகைத் தடவிக்கொண்டே செல்வி என்னிடம் சொன்னாள்: "காரணம் தெரியலைன்னே எளுதுங்க சார். எங்கூர்ல அதை 'அக்கா தப்பு'ன்னுதான் படிப்பாங்க."

கூடப் பிறந்தவள் வீட்டு ரத்தத்துக்கு உத்தரவாதம் கேட்ட அந்த அண்ணனிடம், அது உங்கள் ரத்தமும்தானே என்று கேட்கிற டெஸ்ட் எதுவும் எங்கள் லேபில் இல்லை.