பாட்டுக்குப் பெயர் ஒட்டிய கதை

இந்த நாட்டில் காலுறைக்கும் பெயர் உண்டு. நான் வேலை செய்யும் ஓல்டன் நகர முதியோர் இல்லத்தின் சலவை அறைக்கு வரும் ஒவ்வொரு துணியிலும், கைக்குட்டை உட்பட, உரியவரின் பெயரை அச்சடித்து ஒட்டியிருப்போம். இருபத்தைந்து வருடங்களில் நான் வாசித்த டொச் என்னும் ஜெர்மன் மொழியில் பாதி அந்தத் துண்டுகளில்தான்.

ஒரு சனிக்கிழமை சலவை அறை வாசலில் ஒருவர் அசையாமல் நின்றார். மாமியாரைப் பார்க்கத் தலைநகர் பேர்ணிலிருந்து வாராவாரம் வரும் ருமேனியர். இசையமைப்பாளர் என்று கேள்விப்பட்டிருந்தேன். மாமியாரின் கம்பளிச் சட்டையை நாங்கள் தொலைத்ததற்குச் சண்டை பிடிக்க வந்திருக்கிறார் என்று நினைத்து, அவர் வாய் திறக்குமுன்பே மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அவருக்குச் சட்டையைப் பற்றி ஒன்றும் தெரியாது. படுக்கை விரிப்புகளை மடித்தபடி நான் பாடியதை இன்னொரு தடவை பாடச் சொன்னார். தன் நாட்டில் ஆட்டுக்கு மயிர் கத்தரிக்கும் பெண்களின் பாட்டைக் கேட்டுத்தான் தான் இசை எழுதத் தொடங்கியதாகவும் சொன்னார். வெட்கமாக இருந்தது. ஆனாலும் பாடினேன், அவர் கைபேசியில் பதிந்து எனக்கும் அனுப்பினார்.

நூலே நூலே அறாதே
நாளைக்குப் பெருநாள் மறவாதே
மடிச்சு மடிச்சுக் கையோய
மடியாத ஒண்டு கிடக்குதே

அது என் பெரியம்மா கட்டிய பாட்டு. மட்டக்களப்புச் சந்தைக்குப் பக்கத்தில் தையல் கடை வைத்திருந்தார். பெருநாள் நெருங்கினால் முஸ்லிம் வீடுகளிலிருந்து வரும் துணி கூரையை முட்டும். நூல் அறுந்தால் பாட்டிலேயே ஏசுவார். நான் பக்கத்தில் பொத்தான் தைத்துக்கொண்டிருப்பேன். ஊரை விட்டு ஓடிவந்தபோது என்னோடு வந்த சிலவற்றில் அதுவும் ஒன்று.

சில மாதங்கள் கழித்து அவர் தன் கச்சேரிக்கான நிகழ்ச்சித் தாளின் மாதிரியைக் காட்டினார். அந்தப் பாட்டை வைத்து அவர் எழுதிய இசைக்குக் கீழே ‘தமிழ் நாட்டார் பாடல்’ என்று மட்டும் இருந்தது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“இங்கே காலுறைக்கும் பெயர் இருக்கிறது. இந்தப் பாட்டைக் கட்டியவர் உயிரோடு இருக்கிறார், அவருக்கு இல்லையா?” என்று கேட்டேன்.

அவர், “எங்கள் நாட்டில் எனக்கு முதன்முதலில் பாடிக்காட்டிய பெண்ணின் பெயரை நான் கேட்கவேயில்லை,” என்றார். என் கோபம் அதோடு போய்விட்டது. பெரியம்மாவின் பெயரையும் ஊரையும் எழுத்துக் கூட்டிச் சொன்னேன்.

அன்றே பெரியம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் பதிவை அனுப்பிவிட்டு அழைத்தேன். இரண்டு தரம் கேட்டிருந்தார்.

“முதல் ரெண்டு வரியும் என்ர. மற்றது இல்ல புள்ள. நான் தைக்கிறவள், எனக்கென்ன மடிக்கிற வேல? அது நீ கட்டினது.”

நான் மறுத்துப் பார்த்தேன். யோசிக்க யோசிக்க அவர் சொன்னதுதான் சரி. இங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் குளிர்காலத்தில், மலையாகக் கிடந்த விரிப்புகளுக்கு முன்னால், அழாமலிருக்க நானே பாடியிருக்கிறேன். அதையும் அவருடையது என்றே இத்தனை காலம் நம்பியிருக்கிறேன். ஒளிக்காமல் சொல்கிறேன், பெருமையாக இருந்தது.

நான் சொன்னதும் இசையமைப்பாளர் இரண்டாவதாக என் பெயரையும் சேர்த்தார். எனக்கும் ஊர் மட்டக்களப்பு என்றே போடலாமா என்று கேட்டார். இந்த நாட்டின் சிவப்புக் கடவுச்சீட்டு எடுத்த பிறகும், எந்த ஊர் என்று யார் கேட்டாலும் மட்டக்களப்பு என்றே சொல்லிவந்தவள் நான்.

“எனக்கு ஓல்டன் என்று போடுங்கள்,” என்றேன்.

தாள் இப்போது என் மேசையில் இருக்கிறது. மேலே பெரியம்மா, மட்டக்களப்பு. கீழே நான், ஓல்டன். இரண்டு ஊருக்கும் நடுவே நான்கு வரி. பாடினால் அரை நிமிடம்.