சித்தப்பா மாட்டிய சீல்

வண்டியின் பின்பக்கப் பல்சக்கரங்களுக்கு ஊற்றும் கிரவுன் ஆயிலின் வாடை இருக்கிறதே, அது லேசில் போகாது. கெட்டுப்போன முட்டையும் கருகின ரப்பரும் கலந்தாற்போன்ற அந்த வாடையைச் சித்தப்பாவின் சட்டையில் முகர்ந்து வளர்ந்தவள் நான். விளாங்குடியில் நாங்களும் சித்தப்பாவும் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் பொங்கித் தின்ற காலம் அது. மிஷன் பள்ளியில் கிளார்க்காக இருந்த அப்பாவின் பேரில் ஒரு பிக்கப் வண்டி. செல்லூரில் துண்டு மூட்டைகளை ஏற்றித் திருமங்கலம் பக்கம் ஓட்டுவதும், பழுது பார்ப்பதும் அப்பாவின் ஒரே தம்பியான சித்தப்பா.

நான் எட்டாவது படித்த வருஷம் வண்டியைத் தகுதிச் சான்றுக்கு, அதாவது "எஃப்.சி."க்குக் காட்ட வேண்டியிருந்தது. நம் ஊரில் எஃப்.சி. என்றால் வண்டிக்குக் கல்யாணம்தான். மேலே மட்டும் போதாது, அடிவயிற்றுக்கும் பெயிண்ட் அடித்தாக வேண்டும். "என் பங்குக்கு நானும் ஏதாச்சும் செய்றேன்டா" என்று, ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு கைலியைக் கட்டிக்கொண்டு, பின்சக்கரங்களுக்கு நடுவே கிரவுன் ஆயில் நிற்கும் இரும்புக்கூடான "ஹவுசிங்" முழுக்க வெள்ளிப் பெயிண்டைக் கெட்டியாகப் பூசினார் அப்பா. அன்றைக்கு வீட்டில் ஒரே சிரிப்பு.

எஃப்.சி. முடிந்து லோடு ஏற்றத் தொடங்கியதும் ஹவுசிங்கில் எண்ணெய் கசிந்தது. சித்தப்பா மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, கொஞ்ச தூரம் ஓட்டி வந்து, கீழே படுத்து ஈரம் எங்கே தொடங்குகிறது என்று பார்த்தார். எஞ்சின் பக்கமிருந்து நீளத் தண்டு வந்து சேரும் இடத்தில், எண்ணெய் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் வளையமான சீல்தான். கழற்றிப் புதுச் சீலை மாட்டினார். திருமங்கலம் போய் வருவதற்குள் ஒழுகியது. இன்னொன்று மாட்டினார், அதுவும் ஒழுகியது. சனியன் பிடித்த சீல்!

அப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது. செல்லூரில் லோடு ஏற்றுகிறவர்கள் சுற்றி நிற்க, "பழசையே தொடச்சு மாட்டிட்டு, என்கிட்ட புதுசுன்னு சொல்றியோ?" என்று கேட்டுவிட்டார். பள்ளி விடுமுறையென்று நானும் கேபினில்தான் உட்கார்ந்திருந்தேன். சித்தப்பா மெதுவாகக் கையைத் துடைத்தார். "என்னையவாண்ணே கேக்குற?" என்றார். சாவியைச் சீட்டில் வைத்துவிட்டு நடந்தவர், அந்த வாரமே வேலை தேடிக் கோயம்புத்தூருக்குப் போய்விட்டார். "கூடப் பொறந்தவனப் பாத்துக் கேக்குற கேள்வியா இது?" என்று அம்மா நாளெல்லாம் புலம்பினாள்.

அப்புறம் வேலைக்கு வைத்த டிரைவரும் அப்பாவும் வண்டியைத் திருமங்கலத்தில் ஒரு பட்டறையில் விட்டார்கள். அங்கே மாட்டிய சீலும் ஒழுகியது. அதன்பிறகுதான் மெக்கானிக் ஹவுசிங்கின் மேல்புறத்தைத் தடவிப் பார்த்தார். ஓடிச் சூடேறும்போது உள்ளே உப்பும் காற்று வெளியேற அங்கே ஒரு சின்ன மூச்சுத்துவாரம் உண்டு. அது வெள்ளிப் பெயிண்டில் அடைத்துக் கிடந்தது. போக வழியில்லாத காற்று எண்ணெயைச் சீல் வழியே தள்ளியிருக்கிறது. கம்பியால் சுரண்டியதும் உஸ்ஸென்று சத்தம் வந்ததாம். "யாருண்ணே இதுமேல பெயிண்ட் அடிச்சது?" என்று அவர் அப்பாவிடம் கேட்டதை டிரைவர்தான் வீட்டில் வந்து சொன்னார்.

அன்று சாயங்காலமே அப்பா போன் செய்தார். "தப்பு உன் மேல இல்லடா தம்பி. நான் அடிச்ச பெயிண்டுதான்டா எல்லாத்துக்கும் காரணம். வந்துருடா." பக்கத்தில் நின்ற எனக்கும் சித்தப்பாவின் குரல் கேட்டது.

"சீலு ஒழுகுனதுக்காண்ணே நான் போனேன்?"

வண்டியை விற்று வெகுகாலமாகிறது. சித்தப்பா பகையாளியாகிவிடவில்லை, ஆகியிருந்தால்கூட ஒருநாள் கத்தித் தீர்த்திருக்கலாம். நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் வருகிறார். ஆனால் நேரே அடுப்படிக்குள் நுழைந்து, "மதினி, எனக்கு எங்க?" என்று சட்டியைத் திறக்கும் மனுஷர் இப்போது இல்லை. போன கிறிஸ்துமஸுக்கு வந்தவர் முன்னறை நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். அப்பாவே இலை போட்டுக் கூப்பிட்டார். "இல்லண்ணே, வழியிலயே சாப்பிட்டேன்" என்று எழுந்து கிளம்பிவிட்டார். கொஞ்ச நேரம் கழித்துத் தயிர் வாங்கப் போன அப்பா வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

"முக்குக் கடையில உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருக்கான்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, சின்னப்பிள்ளை மாதிரி அழுதார்.