கட்டத்துக்குள் இருந்த சிப்பிகள்

கடற்கரைப் பாறையில் பெயிண்டால் கட்டம் போட்டு, அதிலுள்ள சிப்பிகள் எப்படி மாறுகின்றன என்று ஆண்டுதோறும் பெங்களூரிலிருந்து போய்ப் பார்ப்பது எங்கள் ஆராய்ச்சி. ஒரு சிப்பியைக்கூடப் பெயர்க்க மாட்டோம். போன முறை ஊர் திரும்பியதும், எங்கள் வேன் டிரைவர் அந்தோணி அண்ணன் ஆஸ்டின் டவுனில் உள்ள தன் வீட்டுக்கு என்னையும் பேராசிரியரையும் சாப்பிடக் கூப்பிட்டார். சிப்பி வறுவல் பிரமாதம்.

“எங்கண்ணா வாங்கினீங்க?”

“வாங்கறதா? வருஷா வருஷம் எண்ணி எண்ணிப் பாத்துட்டு வெறுங்கையோட வர்றீங்க, பாவமா இருந்துச்சு மேடம். நீங்க டீ குடிக்கப் போனப்ப, கட்டத்துக்குள்ள இருந்ததை மட்டும் சுரண்டிட்டேன். நீங்களே மார்க் பண்ணது, நல்ல சரக்காத்தானே இருக்கும்!”

பேராசிரியர் தட்டை நீட்டி, “இன்னும் கொஞ்சம் போடுங்க” என்றார்.

இத்தனை வருடம் பாறையையே கவனித்துக்கொண்டிருந்த எங்களையும் ஒருவர் கவனித்துக்கொண்டிருந்தார் என்பது அன்றுதான் உறைத்தது.